விளக்கில் மிஞ்சிய எண்ணெய்

உ

விசுவமடு,
12.01.2024

பிள்ளையின் அப்பாவுக்கு,

மார்கழி 29, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வயல் வரம்பில் நின்றவர்கள்: நீங்கள், பக்கத்து வயல் வீரகத்தியண்ணை, அவருடைய மகன் ரஜிதன், தேத்தண்ணிப் போத்தலோடு அண்ணையின் மனிசி பத்மாசனியக்கா. காட்டுக்கரையில் ஒரு யானை. வேறு ஒருவரும் இல்லை. நான் வீட்டில் நின்றேன். பிள்ளை யதுர்ஷிகா ரியூசனில்.

இப்படித்தான் முதலில் எழுத வேண்டும் என்று சட்டத்தரணி பிரேமிளா சொன்னா. "ஆர் ஆர் நிண்டது எண்டு சரியா எழுதுங்கோ அக்கா, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்றா. நான் ஒவ்வொரு படலையாகப் போய்க் கேட்டு எழுதினேன். வீரகத்தியண்ணை வீட்டுப் படலையில் மட்டும் நிற்க விடவில்லை. ரஜிதன் நாயை அவிழ்த்துவிட்டான்.

அண்ணை செத்தது எப்படி என்று அவன் பொலிசில் சொல்லியிருப்பது இது: "பரமலிங்கம் மாமா துவக்கை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்து வெடி வைச்சார். வாய்க்கால் தண்ணிச் சண்டை மனசிலை இருந்தது." கார்த்திகையில் நீங்களும் அண்ணையும் வாய்க்கால் கட்டில் நின்று சத்தம் போட்டது ஊருக்கே கேட்டது. அடுத்த நாள் இருவரும் ஒரே பீடியைப் பற்றினதை ஒருவரும் பார்க்கவில்லைப் போல.

பத்மாசனியக்கா பொலிசில் சொன்னது: "நான் யானையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டுத் திரும்பினா இவர் கிடக்கிறார்." அவ்வளவுதான்.

உங்கள் வாயால் மட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. மறியலுக்கு உங்களைப் பார்க்க வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். சுற்றி நிற்கிற சனத்தின் சத்தத்தில் அவள் குரல் போய்விடுகிறது. பேச முடியாவிட்டால் எழுதுங்கோ. உரிமம் உள்ள துவக்கு, பன்றிக்கும் யானைக்கும் என்று தந்த துவக்கு, இத்தனை வருசம் வானத்தைப் பார்த்துத்தான் வெடித்தது. அன்றைக்கு விசையில் உங்கள் விரல் இருந்ததா, இல்லையா? வேறு எவரும் கேட்பதற்கு முதல் எனக்குச் சொல்லுங்கோ.

காலையும் மாலையும் அம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். சாப்பிடுங்கோ.

சுமித்திரா

---

வவுனியா மறியல்,
27.01.2024

சுமித்திராவுக்கு,

எழுதுவதற்குக் கை வரவில்லை. அதனால்தான் சுணங்கினது.

கேளும். அண்ணை எனக்கு முன்னால் வரம்பில் குந்தியிருந்து யானை வெடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். நெருப்புப்பெட்டி நனைஞ்சு போச்சு. "தம்பி, உந்தத் துவக்கையாவது வையன், வந்திட்டுது" என்றார். நான் துவக்கை நடுவில் முறித்துத் திறந்தேன், தோட்டாவைப் போட்டேன், குழலை நிமிர்த்தி மூடினேன். மூடின கையோடு வெடித்தது. வெளிச்சம் மங்கிப்போய் இருந்தது. குழல் எந்தப் பக்கம் பார்த்தது என்று யோசிக்க முதல் எல்லாம் முடிந்தது.

விரல் விசையில் இல்லை. விசைக்குக் கிட்டவும் போகவில்லை. இதைப் பொலிசிலும் சொன்னேன். எழுதினவர் பேனையை வைத்துவிட்டு, "துவக்கு தானா வெடிக்குமோ?" என்று கேட்டார். பிறகு நான் பேசவில்லை.

அண்ணையின் உயிர் உடனே போகவில்லை. நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்தபடி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஆயுத பூசைக்கு இந்த முறை துவக்குக்கு என்ன எண்ணெய் போட்டனீர்? மெசின் எண்ணெய் முடிந்து போச்சு என்று சொன்ன ஞாபகம்.

பிள்ளையைப் படிக்கச் சொல்லும். இங்கே கூட்டி வர வேண்டாம்.

பரமலிங்கம்

---

உ

விசுவமடு,
02.03.2024

பிள்ளையின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்துவிட்டுத்தான் வாசித்தேன். விரல் இல்லை என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மன் இருக்கிறா என்று நினைத்தேன். பிறகு எண்ணெய்க் கேள்விக்கு வந்தேன்.

தையல் மெசின் எண்ணெய்ப் போத்தல் முடிந்திருந்தது. வாங்கச் சந்திக்குப் போக நேரமில்லை. நவராத்திரி முடிய அம்மன் கோயில் விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயை ஐயர் சின்னப் போத்தலில் தந்தவர். வீட்டுக்குக் காவல் என்றார். வாளுக்கும் மண்வெட்டிக்கும் தடவியது போலத் துவக்குக்கும் தடவினேன். துவக்குக்குக் கூடத்தான் விட்டேன், யானைக்கு முன்னால் நிற்கிறது அதுதானே என்று. குழல் முறிகிற இடத்தில் உள்ளுக்குப் போகட்டும் என்று சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு மழை தொடங்கிவிட்டது. கூரை ஒழுகாத இடம் குசினிதான் என்று அடுப்புக்கு மேல் நீங்கள்தான் கொழுவினீர்கள்.

இதைப் பிரேமிளாவிடம் சொன்னேன். அவா கடதாசியில் கீறிக் காட்டினா. விசையை அழுத்தினால் உள்ளே ஓர் ஊசி முன்னுக்குப் பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துமாம். குத்தினவுடன் ஒரு சின்னச் சுருள் அதைப் பின்னுக்கு இழுத்துவிடுமாம். பிசின் பிடித்து ஊசி முன்னுக்கே நின்றுவிட்டால், குழலை மூடும்போதே தோட்டா அதில் மோதி வெடிக்குமாம். "அப்பிடி நடக்கக் கூடிய விசயம்தான் அக்கா. ஆனா கோட்டிலை நீதவானிட்டை 'கூடும்' எண்டு சொன்னாப் போதாது" என்றா.

அப்படியென்றால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் எந்த எண்ணெய் எப்படிக் காயும் என்று அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் போகாது. சைக்கிள்கடைச் சஜீவன் பழைய இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஓர் ஆணி, ஆணிக்குப் பின்னால் பிள்ளையின் பழைய பேனைச் சுருள். ஒன்றுக்கு மெசின் எண்ணெய், ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய், ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் கழித்த ஒயில், ஒன்றுக்குக் கோயில் போத்தலில் மிச்சமிருந்த நல்லெண்ணெய். ஆணிகளை முன்னுக்கு இழுத்து நூலால் கட்டி, துவக்கு தொங்கிய அதே கம்பியில் அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன். யதுர்ஷிகா பார்த்துவிட்டு, "அம்மா ஆணிக்கு விரதம் பிடிக்கிறா" என்று சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்.

நேற்று நூலை அறுத்தேன். மெசின் எண்ணெய் விட்ட ஆணி துள்ளிப் பின்னுக்குப் போனது. கழித்த ஒயில் விட்டதும் போனது, ஆனால் கரி முழுக்க அதில் அப்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் அதுவும் போயிராது. தேங்காய் எண்ணெய் விட்டது விடியக் குளிரில் உறைந்து நின்றது, அடுப்பு மூட்டச் சூட்டில் மெல்ல நகர்ந்தது. நல்லெண்ணெய் விட்டது அசையவில்லை. பொரியல் சட்டி விளிம்பில் மஞ்சளாகப் பிடிக்குமே, அந்தப் பிசின். கத்தி நுனியால் நெம்பித்தான் எடுத்தேன்.

துவக்குக்கு மெசின் எண்ணெய்தான் சரி. அதுவும் ஊற்றக்கூடாது, துணியில் தொட்டு மெல்லிதாகத் துடைக்க வேண்டும். இப்போது எனக்குத் தெரியும். இப்போது தெரிந்து என்ன?

துவக்கைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். ஊசி முன்னுக்கு நிற்பதை அவர்கள் கண்டால் நீங்கள் வரலாம். நான் விட்ட எண்ணெய் என்று நான் சொல்லுவேன்.

சுமித்திரா

---

வவுனியா மறியல்,
15.03.2024

சுமித்திரா,

எண்ணெய்க் கதையை இத்தோடு விடும். நான் கேட்டதே பிழை.

உரிமம் என் பெயரில். வேறு ஆள் அந்தத் துவக்கைத் தொட்டாலே குற்றம் என்று உமக்குத் தெரியுமா? நீர் போய் நான்தான் எண்ணெய் விட்டேன், நான்தான் துடைத்தேன் என்று சொன்னால், பக்கத்து அறையில் உம்மையும் போடுவினம். பிள்ளையை ஆர் பார்க்கிறது? ரஜிதன் சும்மா இருப்பானா? புருசனும் பெண்சாதியும் சேர்ந்து திட்டம் போட்டது என்பான்.

ஆணிகளை எறியும். பிரேமிளாவிடம் இனி ஒன்றும் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறேன்.

வெள்ளாமை வெட்டியாச்சா? அண்ணையின் வயலை ஆர் வெட்டினது? அதை மட்டும் எழுதும்.

பரமலிங்கம்

---

உ

விசுவமடு,
06.04.2024

பிள்ளையின் அப்பாவுக்கு,

எங்கள் வயல் வெட்டியாச்சு. பாதியை யானை தின்றது. இந்த முறை விரட்ட ஒருவரும் இல்லை. அண்ணையின் வயலை முரசுமோட்டையில் இருந்து பத்மாசனியக்காவின் தம்பிமார் வந்து வெட்டினார்கள். வெட்டு மெசின் எங்கள் வரம்பில் ஏறக்கூடாது என்று குளக்கட்டால் சுற்றிப் போனார்கள்.

ஆணிகளை எறியவில்லை. கோபிக்க வேண்டாம்.

பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. பிரேமிளா வாசித்துக் காட்டினா. துவக்கு நல்ல நிலையில் இருக்கிறதாம். ஊசி தடையில்லாமல் போய் வருகிறதாம். விசையை அழுத்தாமல் வெடிக்காதாம். பிரேமிளா விடாமல் விசாரித்திருக்கிறா. பொலிசில் சான்றுப் பொருட்களைப் பொறுப்பாக வைத்திருக்கிற ஒருவர், மழைக் காலம், கறள் பிடித்துவிடும் என்று, துவக்கைக் கழற்றி மண்ணெண்ணெயால் கழுவி, மெசின் எண்ணெய் போட்டு அனுப்பியிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனிசன். நான் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார். அதுதான் எங்களை முடித்தது.

வழக்குத் தவணைக்குப் போன அன்று கோட்டு வாசலில் பத்மாசனியக்காவைக் கண்டேன். காலில் விழலாம் என்று கிட்டப் போனேன். "எழும்பு சுமித்திரா, சனம் பார்க்குது" என்றா. பிறகு மெல்லச் சொன்னா: "உன்ரை மனிசன் இருக்கிறார். பார்க்கப் போறாய். ஊத்தைச் சாரத்தை வாங்கித் தோய்ச்சுக் குடுக்கிறாய். எனக்குத் தோய்க்க ஒண்டும் இல்லையடி." நான் கையில் வைத்திருந்த பையை மறைத்தேன். அதற்குள் உங்கள் சாரம்தான் இருந்தது.

பிரேமிளா இன்னும் கைவிடவில்லை. ஊசி போய் வருகிற துளையின் அடியில் பிசின் மிச்சம் இருக்கலாம், இரண்டாம் தரம் கழற்றிப் பார்க்கக் கேட்கலாம் என்கிறா. என் ஆணிகளையும் காட்டலாமாம். ஆனால் அதற்கு முதல் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்கிறா. போன வருச வெள்ளாமைக்குப் பிறகு அன்று வரை அந்தத் துவக்கு வெடிக்கவில்லை. வெடிக்காத துவக்கில் ஊசி பின்னுக்குத்தானே நிற்கும்? முன்னுக்கு எப்படிப் போனது? எண்ணெய் விட்ட பிறகு ஆரோ ஒருவர் வெறும் துவக்கின் விசையை அழுத்தியிருக்க வேண்டும். "அந்தக் கை ஆருடையது எண்டு சொல்லாட்டி, மிச்சம் எல்லாம் கதைதான் அக்கா" என்றா.

விஜயதசமி அன்று ஒவ்வொரு ஆயுதத்தையும் ஒருக்கால் தொடக்கி வைக்கிறது வழக்கம். மண்வெட்டியால் ஒரு கொத்து, மெசினில் ஒரு தையல், துவக்கில் ஒரு வெறும் அடி. நான் குசினியில் பத்மாசனியக்காவோடு கடலை தாளித்துக்கொண்டு நின்றேன். வழக்கம் போல நீங்கள்தானே அடித்தது? அதை மட்டும் பிரேமிளாவிடம் சொல்லுங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

சுமித்திரா

---

வவுனியா மறியல்,
21.04.2024

சுமித்திராவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. பிணையில் போகிற ஓர் ஆள் கையில் தருகிறேன். வாசித்த உடனே அடுப்பில் போடும். பிள்ளை வீட்டில் நின்றால் வாசிக்க வேண்டாம்.

அடித்தது நான் இல்லை.

துவக்கைத் தட்டில் இருந்து எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்து, விசையில் விரலை வைக்கப் போனேன். அண்ணை வாசலில் குந்தியிருந்து அவல் தின்றுகொண்டு, "ஏன்ராப்பா உன்ரை கறள் கை? எங்கடை பிள்ளை தொடக்கி வைக்கட்டும். கம்பசுக்குப் போற கை" என்றார். பிள்ளை வெட்கப்பட்டுப் பின்னுக்குப் போனாள். "பெரியப்பா, பெரிய சத்தம் வருமே?" என்று கேட்டாள். "வெறுந் துவக்கு என்னடி சத்தம் போடும்? உன்ரை அம்மாதான் சத்தம் போடுவா, கடலை கருகினா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவளுடைய விரலுக்கு மேல் என் விரலைக்கூட வைக்கவில்லை. அவளே அழுத்தினாள். டக் என்றது. அண்ணை கை தட்டினார்.

ஊசி அப்போதுதான் முன்னுக்குப் போனது. திரும்பவில்லை. நீர் விட்ட எண்ணெயில் காய்ந்து அங்கேயே நின்றது. மறியலுக்கு வந்த பிறகு எனக்குத் துண்டு துண்டாக விளங்கியது. அதனால்தான் எண்ணெயைக் கேட்டேன். அதனால்தான் பிறகு வாயை மூடச் சொன்னேன்.

அவள் இதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்னைப் பார்க்க வந்து அப்படிக் கத்த மாட்டாள். கோட்டில் இந்தக் கதை வந்தால் அன்றைக்கே அவளுக்கு விளங்கும். பெரியப்பா என்று கூப்பிட்ட மனிசன் செத்தது, அவர் சொல்லித் தான் அழுத்தின அந்த விசையால்தான் என்று. அதோடு அவள் இருப்பாளா? படிப்பாளா? நான் இங்கே இருந்தாலும் அவள் நித்திரை கொள்ள வேண்டும்.

ஆகையால் நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த தவணையில், விசையை அழுத்தினது நான், கை தவறி அழுத்தினேன் என்று சொல்லப் போகிறேன். பிரேமிளாவுக்குச் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு காலம் போட்டாலும் இருப்பேன். என்னை வந்து பார்க்க வேண்டாம். காணியைக் குத்தகைக்குக் கொடும்.

பரமலிங்கம்

---

விசுவமடு,
28.04.2024

பிள்ளையின் அப்பாவுக்கு,

தலைப்பில் பிள்ளையார் சுழி போடக் கை வரவில்லை. போடாமலே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. யதுர்ஷிகா ரியூசனுக்குப் போன பிறகு வாசித்தேன். சொன்னபடி எரித்தேன். எரியும்போது அவள் வந்துவிட்டாள். "என்னம்மா எரிக்கிறீங்கள்?" என்றாள். பழைய ரசீது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். நாக்கு ஒட்டவில்லை. லேசாக வந்தது. அதுதான் எனக்குப் பயம்.

பிரேமிளாவிடம் போனேன். நீங்கள் சொல்லி அனுப்பியதை அவாவே எடுத்துச் சொன்னா. "விசையை அழுத்தினன் எண்டு அவர் தன்ரை வாயாலை சொன்னா, கை தவறினது எண்டு ஆர் நம்புவினம் அக்கா? ரஜிதன் பார்த்து வைச்சது எண்டு சொல்லுறான். வாய்க்கால் சண்டை இருக்கு. கொலைக் கேஸ் அப்பிடியே நிக்கும். ஆயுசுக்கும் உள்ளுக்குத்தான்" என்றா. பிள்ளையைக் காப்பாற்ற நீங்கள் கழுத்தைக் கொடுக்கிறீர்கள். அவளுக்கு அப்பா கொலைகாரன் என்று ஆகும். அதை மட்டும் அவள் தாங்குவாளா?

இரவும் பகலும் இதைத்தான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் யாரோ ஒருவர் மிஞ்ச மாட்டார். கடைசியில் ஒரு வழிதான் தெரிகிறது. நல்ல வழி என்று சொல்லவில்லை.

எண்ணெய் விட்டது நான். அது உண்மை. வெறும் துவக்கை அடித்ததும் நான்தான் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் மாட்டுக்குப் பொட்டு வைக்கப் பட்டிக்குப் போனீர்கள், பிள்ளை கோயிலில் நின்றாள், நான் தனியத் துவக்கை எடுத்து விசையை அழுத்தி வழக்கத்தை முடித்தேன் என்று சொல்லுவேன். பிசினை அவர்கள் துளையில் தேடட்டும். ஆணிகளைக் காட்டுவேன். உரிமமில்லாமல் தொட்டதற்கு என்ன தண்டனையோ அதைத் தரட்டும். அது உங்கள் தண்டனையை விடச் சின்னது. அந்தக் கொஞ்சக் காலத்துக்கு யதுர்ஷிகாவைக் கிளிநொச்சியில் மீனம்மா மாமியிடம் விடுவேன். மாமியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓம் என்றா.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நான் அந்த நேரம் குசினியில் நின்றேன் என்று பத்மாசனியக்காவுக்குத் தெரியும். அவா என் பக்கத்தில் நின்று கறிவேப்பிலை உருவித் தந்தவா. கோட்டில் அவா வாய் திறந்தால் என் பொய் அந்த இடத்திலேயே விழும். பேசாமல் இருங்கோ அக்கா என்று கேட்க எனக்கு வாயில்லை. தோய்க்க ஒரு சாரமும் மிஞ்சாதவளிடம் போய் என் புருசனுக்காக இரங்கு என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்க மாட்டேன். அவா என்ன சொல்லுவாவோ அதைச் சொல்லட்டும்.

சத்தியம் செய்து பொய் சொல்லப் போகிறவள் அம்மனுக்கு முன்னால் நிற்க முடியாது. இந்தக் கிழமை கோயிலுக்குப் போகவில்லை. வீட்டு விளக்கைப் பிள்ளைதான் ஏற்றுகிறாள். "அம்மாக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இவ்வளவுக்கும் நீங்கள் ஒத்துவர வேண்டும். நீங்கள் உங்கள் கதையையும் நான் என் கதையையும் சொன்னால் மூன்று பேரும் போனோம். விசையை அழுத்தினேன் என்று நீங்கள் சொல்லவே கூடாது. முதல் சொன்ன உண்மையில் நில்லுங்கோ: மூடினேன், வெடித்தது. மிச்சத்தை நான் சொல்லுகிறேன். பார்க்க வரும்போது கேட்க முடியாது, பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள்.

இதைத் தோய்த்த சாரத்தின் மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறேன். அடுத்த தவணை வைகாசி பதினாறு. அதற்கு முதல் எனக்குத் தெரிய வேண்டும். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். கெதியாகப் பதில் எழுதுங்கோ.

சுமித்திரா